சாவி என் பையில் இருந்தது

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைச் சாத்த முடியாது. நடுவில் ஒரு வயர் போகிறது. உள்ளே மிக்ஸிக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜர். அதிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாக இறங்கி, வாசலைத் தாண்டி, அண்ணனின் பிக்கப் வண்டி பானெட்டுக்குள் நுழைகிறது அந்த வயர். அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வண்டி ஓடுவதில்லை. வாசல் இறக்கத்தில் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் பேட்டரி மட்டும் இறங்கவே கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"கொசு வருதும்மா" என்றேன், லீவில் வந்த அன்றே.

"வரட்டும். அதுக்கும் ஒரு வயிறு இருக்குல்ல."

எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குள் போன முதல் ஆள் நான். படித்தது மெக்கானிக்கல். வேறு ஊரில் பம்ப் செய்கிற கம்பெனியில் வேலை. இவ்வளவு படித்தும் வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. "படிச்சு வாய் தான் நீண்டுச்சு" என்று சொல்வதோடு சரி.

அம்மா போனில் அடிக்கடி ஒன்று சொல்வாள். "சாயங்காலம் வந்துட்டுப் போறான் பாப்பா. வெயில் இறங்கினதும் கூரைத் தகரம் சடசடன்னு ஆறும்ல, அப்போ. ஒரு சத்தம் வரும். அப்புறம் வண்டி ஒரு முனகு முனகி முன்னால சாயும். அவன் ஏறி உக்காந்தா அப்படித்தான் சாயும்."

இரும்பு சூடு ஆறும்போது சத்தம் போடும் என்று நான் போனிலேயே பாடம் எடுத்தேன். அவள் பாதியில் வைத்துவிட்டாள். நான் வந்த அன்று மழை. மழை நாளில் அவன் வரமாட்டானாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மலை மேல் இருக்கிற போன் டவர்களுக்கு டீசலும் சாமானும் ஏற்றிப் போவான். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கினான். அன்றைக்கு அண்ணியும் மலையைப் பார்க்க வேண்டும் என்று கூடப் போனாள். திரும்பும்போது இறக்கத்தில் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. அண்ணன் இன்ஜினை அணைத்தான், முதல் கியரில் போட்டான், கிளையை இழுத்துப் போட இறங்கினான். ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து மாதக்கணக்காகியிருந்தது. "கியர்ல கிடந்தா மலை நகர்ந்தாலும் வண்டி நகராது" என்பது அவன் பேச்சு. உட்கார்ந்திருந்த அண்ணி, பாட்டுக் கேட்கலாம் என்று சாவியை ஒரு திருப்புத் திருப்பினாள். வண்டி நகர்ந்தது. அண்ணன் கிளைக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தான்.

கியரில் கிடந்த வண்டி எப்படி நகரும்? ஊரே உட்கார்ந்து மண்டையைக் குடைந்தது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. இன்ஜினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பெட்டி நியூட்ரலுக்குப் போய்விட்டால் கியர் எதில் கிடந்தாலும் ஒன்றுதான், வண்டி உருளும். அண்ணனின் வண்டியில் அதை மாற்ற லிவர் கிடையாது. டாஷ்போர்டில் ஒரு வட்ட சுவிட்ச். அதைத் திருப்பினால் அடியில் ஒரு சின்ன மோட்டார் ஓடி பெட்டிக்குள் மாற்றிவிடும். சாவி போட்டிருந்தால்தான் சுவிட்ச் வேலை செய்யும். சுவிட்ச் இருப்பது அண்ணியின் முழங்காலுக்குப் பக்கத்தில். சாவியைத் திருப்பினவளும் அண்ணி.

அவ்வளவுதான். "கை வச்சா, ஆளை முடிச்சா." கடையில், குழாயடியில், சாவு வீட்டிலேயே பேசினார்கள். ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒரு வாய் திறக்கவில்லை. செத்தவனைக் குறை சொல்லக் கூடாதாம். உயிரோடு இருக்கிறவளைச் சொல்லலாமாம். "நான் சுவிட்சைத் தொடலை. காலுக்கு அடியில ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம்தான் வண்டி போச்சு" என்று அண்ணி போலீசிடம் ஒரு முறை சொன்னாள், வீட்டில் ஒரு முறை சொன்னாள். பிறகு விட்டுவிட்டாள்.

அம்மா அண்ணியிடம் நேராகப் பேசுவதே இல்லை. குடத்திடம் பேசுவாள், கதவிடம் பேசுவாள். "தண்ணி வருது, பிடிக்கிறவங்க பிடிக்கட்டும்" என்பாள் குடத்தைப் பார்த்து. அண்ணி எழுந்து போய்ப் பிடிப்பாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. இதைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டவர் கான்ட்ராக்டர் எனக்குப் போன் செய்திருந்தார். வண்டியை அனுப்பினால் வேலை இருக்கிறது, யார் ஓட்டினாலும் சரி என்றார். அண்ணி கல்யாணத்துக்கு முன்பு அவள் அப்பாவின் பால் வேனை ஓட்டியவள். லைசென்ஸ் இருக்கிறது. இப்போது ஒரு தையல் கம்பெனியில் காலர் திருப்பிக்கொண்டிருக்கிறாள். நான் முடிவு பண்ணிவிட்டேன், அண்ணிதான் ஓட்டப் போகிறாள். ஆனால் அந்த மோட்டார் வைத்த பெட்டியோடு இல்லை. அதே வண்டியின் பழைய மாடலில் லிவர் வைத்த பெட்டி வரும். போல்ட் துளைகள் அச்சு அசலாகப் பொருந்தும். அதை மாட்டிவிட்டால் கையால் இழுத்தால் ஒழிய எதுவும் மாறாது.

அண்ணனின் சிநேகிதன் சைலன்சர் அதைப் பழைய இரும்புக் கிடங்கில் தேடிக் கண்டுபிடித்தான். மெக்கானிக். வாய் ஓயவே ஓயாது, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைச் சாக்கில் சுற்றி வேனில் கொண்டு வந்து இறக்கினான்.

"ஒரு கண்டிஷன் இன்ஜினியர். சூரியன் இருக்கிற வரைக்கும் தான் வேலை. சூரியன் போனா நானும் போயிடுவேன்."

"ஏன், பொண்டாட்டி திட்டுமா?"

"அதுக்குப் பயந்தா வீட்டுக்குப் போக மாட்டேன். இது வேற." வண்டியைப் பார்த்துக் குரலை இறக்கினான். "ஒரு நாள் சாயங்காலம் பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வந்தேன். உள்ள ஆள் இல்லை. வண்டி நகர்ந்து கல்லுல முட்டி நின்னுச்சு. நான் கண்ணால பாத்தேன். தண்ணி கேனை அப்படியே போட்டுட்டு ஓடினவன்தான்."

முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். அடியில் கை வைக்கிற எந்த வேலைக்கும் அதுதான் முறை. பானெட்டைத் திறந்தேன். ஜன்னலில் அம்மா.

"அதைத் தொடாதீங்க."

"அம்மா, கரண்டோட கை வைக்க முடியாது."

"மத்ததை எல்லாம் பிரிச்சுப் போடுங்க. நான் கேக்கலை. அதைத் தொட்டா நான் வெளிய வந்து வண்டிக்கு அடியில படுத்துக்குவேன். அப்புறம் என்னைத் தான் கழட்டணும்."

சைலன்சர் என் காதருகே வந்தான். "பன்னெண்டு வோல்ட் தானே. அம்மாவோட வோல்ட்டேஜுக்கு இது பரவாயில்லை. விடுங்க."

விட்டேன். சாவியை மட்டும் எடுத்து என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நாலு பக்கமும் மரக்கட்டை அடுக்கி நிறுத்தினோம். கார்டுபோர்டு விரித்து அடியில் நுழைந்தோம். மலையின் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டச் சுரண்டக் கொட்டி, கழுத்துக்குள் இறங்கியது. பெட்டியின் எண்ணெயை வடித்தோம். பெயின்ட் மாதிரி கறுப்பாக வந்தது.

"காலேஜ்ல இதெல்லாம் போர்டுலயே கழட்டிடுவீங்கல்ல?" என்றான்.

"ஆமா. போர்டு இப்படிப் பேசாது. பதினேழு ஸ்பானரைக் குடு."

பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் சுலபமாக வந்தது. முன் ஷாஃப்டில் ஒரு போல்ட் வரவே இல்லை. எண்ணெய் அடித்தோம், தட்டினோம், சூடு காட்டினோம். குழாய் சொருகி நெம்பினதில் ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டியை உரித்தது. நான் சொன்ன வார்த்தையைக் கேட்டு சைலன்சர் முதல் முறையாக வாயை மூடினான்.

அண்ணி டீ கொண்டு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். அதற்கு மேல் அவள் வருவதில்லை. ஒரு வருஷமாகக் குப்பை கொட்டக்கூட வண்டியைச் சுற்றிக்கொண்டு, சுவர் ஓரமாகத்தான் போகிறாள்.

"அண்ணி, இங்க வாங்க. டார்ச் பிடிக்க ஆள் வேணும்."

"நான் எதுக்கு."

"நாளைக்கு ஓட்டப் போறவங்க நீங்க தானே."

ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல், கையில் இருந்த டம்ளரைப் பார்த்து. "டார்ச் பிடிக்க இந்த ஊர்ல வேற கையே இல்லை போல."

அண்ணி டம்ளரின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, புடவையைச் சொருகிக்கொண்டு குனிந்து, டார்ச்சை வாங்கிக்கொண்டாள். வெளிச்சம் ஆடவே இல்லை. நான் அடியிலிருந்து பார்த்தேன், அவள் கண் மட்டும் வேறு எங்கோ இருந்தது.

போல்ட் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பெட்டியை ஜாக்கியில் தாங்கிப் பின்னால் இழுத்தோம். கியர்பாக்ஸிலிருந்து பல் பிடுங்குகிற மாதிரி கழன்று வந்தது. மோட்டாரின் வயரைச் சேர்க்கிற கப்ளர் மட்டும் கழலவில்லை. உள்ளே எப்போதோ தண்ணீர் போய், பித்தளை பச்சையாகப் பூத்து, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெட்டிடவா?" என்றான் சைலன்சர்.

"நாளைக்கு நிதானமாப் பாத்துக்கலாம். வயர் நீளமாத் தான் இருக்கு, அப்படியே இறக்கு."

வண்டியின் பக்கத்தில் சாக்கு விரித்து இறக்கி வைத்தோம். பெட்டி தரையில். அதிலிருந்து ஒரே ஒரு வயர் மேலே வண்டியின் வயிற்றுக்குள் போனது. கியர்பாக்ஸோடு சேருகிற துளைக்குள் விரல் விட்டுச் சுழற்றிப் பார்த்தேன். உள்ளே பல் பிடித்து, பின் பக்க முனையும் கூடவே சுற்றியது. இணைப்பில் இருக்கிறது, நியூட்ரலில் இல்லை. பழக்க தோஷத்தில் பார்த்ததுதான், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

அண்ணி வண்டிக்குள் ஏறி, முன் சீட்டுகளுக்கு நடுவில் கார்ப்பெட்டை உரித்துக்கொண்டிருந்தாள். லிவர் வருவதற்கான துளை அங்கேதான், ஒரு தகட்டால் மூடியிருக்கும். நான் கேட்காமலே ஏறினாள். கார்ப்பெட்டில் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பா கவிழ்ந்த கறை இருந்தது. அவள் அதை மடித்து உள்பக்கம் போகும்படி சுருட்டினாள்.

வெயில் மதிலைத் தாண்டி இறங்கியது. கூரைத் தகரம் ஆற ஆரம்பித்தது. சட். சடசட. சைலன்சர் சாமான்களை அவசரமாகப் பையில் போட்டான்.

அப்போது அது வந்தது. க்ர்ர்ர்ர். ஒரு பல்லி தொண்டைக்குள் கத்துகிற மாதிரி, ஈரமான சத்தம். கடைசியில் ஒரு டக்.

வண்டிக்குள் இருந்து வரவில்லை. சாக்கின் மேல் இருந்து வந்தது. பெட்டி ஓர் அங்குலம் புரண்டு நின்றது.

ஜன்னலில் அம்மா, "வந்துட்டான்" என்றாள். எப்போதும் சொல்கிற வேகத்தில், எப்போதும் போல வண்டியின் டிரைவர் சீட்டைப் பார்த்து. பிறகு அவள் பார்வை மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

சைலன்சர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். எப்போது போனான் என்று தெரியவில்லை.

என் முதுகில் முடி நின்றது உண்மை. இருந்தாலும் போய்க் குனிந்து துளைக்குள் விரல் விட்டுச் சுழற்றினேன். உள்ளே சும்மா சுற்றியது. பின் பக்க முனை அசையவில்லை. நியூட்ரல். மோட்டார் தொடச் சுட்டது. பையில் கை விட்டேன். சாவி என் பையில் இருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் கூடி வந்தது. தண்ணீர் போன கப்ளர். பகலெல்லாம் சூடேறி, சாயங்காலம் குளிரும்போது உள்ளே ஏதோ தொட்டுக்கொள்கிறது, சாவி இல்லாமலே மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. அன்றைக்கும் மலையில் வெயில் இறங்குகிற நேரம்தான்.

"அண்ணி." சாவியைத் தூக்கிக் காட்டினேன். "அண்ணி, பாருங்க. சாவி இங்க இருக்கு. சுவிட்சை யாரும் தொடலை. நீங்க இல்லை அண்ணி. இதுவா மாறியிருக்கு. நீங்க பாட்டுப் போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அண்ணி வண்டிக்குள் முழங்கால் போட்டிருந்தபடியே இருந்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அதே சத்தம் தானே. நான் அதைக் கேட்டவ. மறக்குமா?" கார்ப்பெட்டைத் தூசி தட்டினாள். "மழைக் காலத்துல ஒரு வாரம் கரண்ட் இல்லை. சார்ஜர் ஓடலை, வண்டியும் சும்மா கிடந்துச்சு. அத்தை சாப்பிடவே இல்லை, அவன் வரலை, அவன் வரலைனு சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாங்க. கரண்ட் வந்து ரெண்டு நாள் கழிச்சு, சாயங்காலம் அந்த சத்தம். அன்னைக்கு நான் வீட்ல இருந்தேன். போய்ச் சொன்னேன், அத்தை, அன்னைக்கும் காலுக்கு அடியில இந்த சத்தம் தான்னு. அதுவரைக்கும் கோவமா இருந்தாலும் முகம் பாத்துப் பேசிக்கிட்டுத் தான் இருந்தாங்க. அன்னையிலேர்ந்து தான் குடத்துக்கிட்ட பேசறாங்க."

நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் சார்ஜர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உன்னைத்தான். ஊரெல்லாம் அவங்களைக் கொலைகாரின்னு பேசிச்சு. தையல் கம்பெனில பக்கத்து மெஷின்ல உக்கார மாட்டேன்னு ஒருத்தி எழுந்து போயிருக்கா. எல்லாத்துக்கும் பதில் உன் ஜன்னலுக்கு வெளிய தினமும் கத்திக்கிட்டு இருந்திருக்கு. நீ அதுக்குச் சார்ஜ் போட்டுக்கிட்டு இருந்திருக்க."

"கத்தாதே."

"கத்துவேன்."

"அவ சொன்னா நான் ஒத்துக்கணுமா?" அம்மாவின் குரல் பிசிறியது. "ஒத்துக்கிட்டா அது மோட்டார் சத்தம் ஆயிடும். அப்புறம் யாரு வருவா எனக்கு? நீ வருவியா? லீவுக்கு வந்து கொசு கடிக்குதும்ப. அவன் தினமும் வந்தான்."

எனக்குக் கெட்ட கெட்டதாக வாயில் வந்தது. எதுவும் சரியாக இல்லை. அதனால் அண்ணியிடம் திரும்பினேன்.

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லலை? ஒரு போன் போதுமே. நான் வந்து அன்னைக்கே பிரிச்சுப் போட்டு, ஊர் முன்னால வச்சுக் காட்டியிருப்பேனே."

"காட்டி?"

"காட்டினா உங்க மேல தப்பு இல்லைன்னு ஆகுமில்ல."

அண்ணி இறங்கி வந்து சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டி நகர்ந்ததும் உங்க அண்ணன் திரும்பிப் பாத்தார்" என்றாள். "சிரிச்சார். கிளையை விடாமலே சிரிச்சார். ஏய், விளையாடாதேன்னார். நான் சீட்டு மாறி உக்காந்து, அவரைப் பயமுறுத்த வண்டியை விடறேன்னு நினைச்சுக்கிட்டார். எப்பவும் அப்படி ஏதாவது பண்றவ தானே நான். அதனால தான் ஒதுங்கலை. ஒதுங்கியிருந்தா..." நிறுத்தினாள். "ஊர் என்ன வேணா சொல்லட்டும். அவரே அப்படித்தான் நினைச்சுக்கிட்டுப் போனார். நீ ஊருக்கெல்லாம் காட்டிடுவ. அவருக்கு யாரு காட்டுவா?"

கூரைத் தகரம் ஒரு தடவை சடக்கென்றது. கேட்டுக்கு வெளியே சைலன்சர் தலையைக் குனிந்துகொண்டான். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன். நியாயத்தைக் கையில் பிடித்துவிட்ட மாதிரி குதித்தேனே, அது எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. இந்தப் பொம்பளைக்குத் தேவைப்பட்டது வேறு.

சமையலறை விளக்கு எரிந்தது. பிறகு அம்மா வெளியே வந்தாள். அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் ஜன்னலோடு சரி. அண்ணியின் முன்னால் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள், பேசுவதற்கு ஒரு குடம் தேடுகிற மாதிரி. எதுவும் இல்லை.

"சிரிச்சானா?" என்றாள் அண்ணியிடம்.

"ஆமா அத்தை."

"என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கலை."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். "நாளைக்குச் சாயங்காலம் நான் சொல்றேன் அவன்கிட்ட" என்றாள்.

அது மோட்டார்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் பேய்க்காக லீவை நீட்டினாள் என்று ஆபீசில் தெரிந்தால் என்ன ஆகும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் முழுக்க வண்டியில் யாரும் கை வைக்கவில்லை. சைலன்சர் பகலில் வந்து, வண்டி மரக்கட்டை மேல் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து, "கட்டை சாய்ஞ்சா நான் பொறுப்பில்லை" என்று ஒரே வாக்கியத்தை ஏழெட்டு விதமாகச் சொன்னான். மழை வந்துவிடக் கூடாதே என்று நான் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதை யாரும் பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன். சார்ஜர் ஓடுகிறதா என்று உள்ளே போய் இரண்டு முறை தொட்டும் பார்த்தேன்.

அண்ணி தையல் கம்பெனியில் பாதி நாள் சொல்லிவிட்டு வந்தாள். வெயில் இறங்க ஆரம்பித்ததும் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து சாக்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணி தரையில். நான் படியில். சைலன்சர் கேட்டுக்கு வெளியே, ஆனால் போகவில்லை.

தகரம் சடசடத்தது. நின்றது. மறுபடி சடசடத்தது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

க்ர்ர்ர்ர். டக்.

அம்மா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான்.

"டேய். கேட்டுக்கோ. அவ கை வைக்கலைடா. இந்த மெஷின் பண்ணின வேலை. நீ ஹேண்ட் பிரேக்கைக் கட்டாம விட்டியே, அந்த வேலை. விளையாடலைடா அவ. நீ பாட்டுக்குச் சிரிச்சுட்டுப் போயிட்ட, இங்க இவ கிடந்து சாகறா. நானும் சேந்து வதைச்சேன். போதும். நினைப்பை மாத்திக்கோ."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலத்துக்கு ஒரு முறைதான் அந்தச் சத்தம் வரும். ஒரு வருஷமாகக் கேட்ட அம்மா சொன்ன கணக்கு அது. அவள் பேசி முடித்துக் கொஞ்ச நேரத்தில் மோட்டார் மறுபடி ஓடியது. க்ர்ர்ர்ர். டக். நான் எழுந்து போய் விரல் விட்டுப் பார்த்தேன். ராத்திரி யாரும் கேட்காதபோது எப்போதோ திரும்புவது, இன்றைக்கு இப்போதே மறு திசையில் ஓடியிருக்கிறது. நியூட்ரலிலிருந்து வெளியே வந்து, பல் பிடித்து, நின்றிருந்தது.

தண்ணீர் போன கப்ளர் எந்தப் பக்கமும் கரண்டை விடும். அதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருவேன். அதில் ஒரு வரியும் தப்பு இருக்காது. அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"வெட்டிடலாமா?" என்றேன்.

அம்மா தலையசைத்தாள். நான் கட்டரை எடுத்தேன். அண்ணி கை நீட்டி என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் கை வைக்கட்டுமா அத்தை?"

"வை" என்றாள் அம்மா.

வெட்டினாள்.

அடுத்த நாள் லிவர் வைத்த பெட்டியை மாட்டினோம். பேக்கிங் ஒட்டி, போல்ட் முறுக்கி, புது எண்ணெய் ஊற்றி, ஹேண்ட் பிரேக் கேபிளும் புதிதாகப் போட்டோம். சைலன்சர் பழைய பெட்டியை எடுத்துப் போக மறுத்தான். காசே வேண்டாம், என் கடைக்குள் அது வரக் கூடாது என்றான். வேறு இரும்புக்காரன் எடுத்துப் போனான். அவன் வேன் தெரு முனை திரும்பும் வரை அம்மா கேட்டில் நின்றாள்.

அண்ணி வண்டியை எடுத்தாள். லிவரை அவள் பிடித்த பிடியில் விரல் கணு வெளுத்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து, வாசல் இறக்கத்தில் நிறுத்தினாள். கியரில் போட்டாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். லிவரை ஆட்டிப் பார்த்தாள். இறங்கி, பழைய கல்லையே எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். அவ்வளவும் செய்துவிட்டுக் குனிந்து, வண்டிக்கு அடியில் காது கொடுத்தாள். இனி ஓட்டுகிற காலம் முழுக்க அவள் இப்படித்தான் செய்வாள் என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு என்ன தெரியும்.

தெருவில் இரண்டு பொம்பளைகள் நின்று பார்த்தார்கள். "அவளே ஓட்டறாளா" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, ஏறுறியா, மலையைச் சுத்திக் காட்டச் சொல்றேன்" என்றேன். போய்விட்டார்கள். அவர்களுக்கு நான் வயரையும் காட்டப் போவதில்லை, கப்ளரையும் காட்டப் போவதில்லை. காட்டினாலும் அந்த வாய்கள் வேறு ஒன்றைக் கண்டுபிடிக்கும்.

சாயங்காலம் தகரம் சடசடத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அம்மா மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சார்ஜரைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் போனதும் ஜன்னலைச் சாத்தப் போனாள். வரவில்லை. ஒரு வருஷமாகத் திறந்தே கிடந்து, மழையில் ஊறி, மரம் உப்பிப் போயிருந்தது. ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது.

"இதை ஒரு கை பிடி" என்றாள்.

நான் எழுந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. அண்ணி போய்ப் பக்கத்தில் நின்று தள்ளினாள். இரண்டு பேரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். ஜன்னல் முனகியது. அந்த ஒரு விரல் இடைவெளி அப்படியே இருந்தது.